கெமாஸ் அண்ணன் மகன்

இந்த வருடம் கப்பு வராமல் என் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டேன் என்று சபதம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு. பன்னிரண்டரைக்கு மங்கை தெங்கிரி மீன் குழம்பு வைத்துவிட்டாள். சபதத்தில் சோறு என்றுதானே சொன்னோம், குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வெறும் குழம்பைக் குடிக்க முடியாது. அதனால் சோறும் போட்டுக்கொண்டேன். ஆனால் சபதம் சபதம்தான்.

என் பெயர் திருச்செல்வம். பகாவ் சாலையிலிருந்து செம்பனைக் காட்டுக்குள்ளே ஆறு கிலோமீட்டர் வந்தால் தெராத்தாய் தோட்டம். அதன் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி நான். அதைவிடப் பெரிய பதவியும் ஒன்று உண்டு. தெராத்தாய் கால்பந்துக் குழுவின் செயலாளர். கிராணி வேலையில் எனக்கு மேலே மேனேஜர் இருக்கிறார். செயலாளர் வேலையில் எனக்கு மேலே யாருமே இல்லை, மங்கையைத் தவிர.

மங்கை என்கிற மங்கையற்கரசி என் மனைவி. ஜம்பு தோட்டத்துப் பெண். ஐந்து தோட்டக் கோப்பையை ஒன்பது வருடமாக விடாமல் ஜெயித்துக்கொண்டிருக்கிறதே, அதே ஜம்பு தோட்டம்தான். ஜம்பு குழுவின் மேனேஜர் சுகுமாறன் அவளுடைய சொந்த அண்ணன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் மாமனார் வீட்டுக்குப் போனால் மேசை நடுவில் கப்பு உட்கார்ந்திருக்கும். அதற்குள் முறுக்கு இருக்கும். "எடுத்துக்குங்க மாப்ளே" என்று சுகுமாறன் கப்பையே நீட்டுவார். கப்பில் கை வைக்க எனக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அது. ஒன்பது வருடமாக எனக்கு முறுக்கு கசக்கிறது.

இனி சபதம் பிறந்த இடத்துக்கு வருகிறேன். திடலுக்குப் பக்கத்தில் பஞ்சாலையின் ரொட்டிக் கடை. ஞாயிறு காலை குழுவின் மொத்த மூளையும் அங்கேதான் இருக்கும். மொத்தம் ஏழு பேர்.

"நமக்கு முன்னாடியும் ஆள் இருக்கு, பின்னாடியும் ஆள் இருக்கு. நடுவுலதான் ஒண்ணுமே இல்ல" என்றான் புனிதன். அவன் எங்கள் கோலி. ஒன்பது வருடமாகப் பந்தை வலையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம்.

"நடுவுல நான் இருக்கேன்லா" என்றார் ரவிச்சந்திரன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் வெளிக்காட்டு மண்டோர். வயது நாற்பத்தாறு. வயிற்றின் வயதையும் சேர்த்தால் அறுபது.

"அதத்தான் சொன்னேன் மண்டோர்."

"நான் ஓடத் தேவையில்ல. பந்து என்னத் தேடி வரும்."

"வருது மண்டோர். வந்து, உங்களச் சுத்திப் பாத்துட்டு, ஜம்புகாரன்கிட்டப் போயிடுது."

ஒரு மிட்ஃபீல்டரை வெளியிலிருந்து கொண்டுவருவது என்று முடிவானது. யாரைக் கொண்டுவருவது? ரொம்பின் பக்கம் ஒருத்தன் என்றார்கள். முழங்கால் போய்விட்டதாம். கோலப்பிலாவில் ஒருத்தன் என்றார்கள். அவன் வருவான், ஆனால் பத்தாம் நம்பர் சட்டை கேட்கிறான். "பத்து என்னோடது" என்றார் ரவிச்சந்திரன். அந்தச் சட்டை அவருக்கு இப்போது தொப்புள் வரைதான் வரும். இருந்தாலும் உரிமை உரிமைதான்.

பஞ்சாலை ரொட்டி மாவை வீசியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "செனாவாங் ஃபேக்டரி டீம்ல சிவரூபன்னு ஒரு பையன் இருக்கானாம். பந்து கால்லயே ஒட்டிக்கிட்டு ஓடுமாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரோ சாப்பிட வந்தவங்க சொன்னாங்கலா கிராணி. உங்களுக்கு ரொட்டி ஒண்ணா ரெண்டா?"

புனிதன் கைப்பேசியில் தேடி வீடியோவைப் பிடித்துவிட்டான். ஏழு தலைகளும் ஒரு கைப்பேசி மேல் கவிழ்ந்தன. ஒல்லியான பையன். மூன்று பேருக்கு நடுவே நுழைந்து, பக்கத்தில் பார்க்காமலேயே நாற்பது மீட்டர் தூரம் பந்தை அனுப்பினான். அது ஓடுகிறவன் காலடியில் போய் மரியாதையாக நின்றது.

"ரொம்ப ஒல்லி" என்றார் ரவிச்சந்திரன். "மழை பேஞ்சா நம்ம திடல்ல நிக்க மாட்டான்."

"நிக்க வேணாம் மண்டோர். ஓடுனாப் போதும்."

"யாருக்குப் பாஸ் கொடுக்கறோம்னு மூஞ்சியப் பாக்காமலே கொடுக்கறான். மரியாத தெரியாத பையன்."

ஒரு மணி நேரம் சண்டை. ஆறுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. அப்போதுதான் மூன்றாம் விதி ஞாபகம் வந்தது. கோப்பையில் ஆடுகிறவன் போட்டிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே தோட்டத்துக்குள் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு இருந்தால் செல்லாது. ஒரு வீட்டில், அந்த வீட்டாருக்கு உறவுக்காரனாக இருக்க வேண்டும். இந்த விதிகளையெல்லாம் எழுதியவன் நான்தான். ஐந்து தோட்டத்துக்கும் நானே ஒரு சட்டசபை.

"கிராணி வீட்டுல முன் ரூம் சும்மாத்தானே கெடக்கு" என்றாள் பஞ்சாலை. "உங்க மக விஜிதாதான் காலேஜுக்குப் போயிடுச்சே."

மற்ற ஆறு தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்குள் ஏதோ கிளம்பியது. எழுந்து நின்றேன். பையன் என் வீட்டில் தங்குவான் என்றேன். கப்பு வராவிட்டால் பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். அந்த வேகத்தில்தான் சோற்று விஷயமும் வாயில் வந்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் வேகம் இறங்கியது. மங்கையிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் உலை கொதிக்கும் முன் சுகுமாறன் காதுக்குப் போய்விடும். ஆகவே பையன் எனக்குச் சொந்தக்காரன். என்ன சொந்தம்? இந்த இடத்தில்தான் என் கிராணி மூளை வேலை செய்தது. அக்கா மகன் என்று சொல்லலாம். ஆனால் அக்கா மகன் என்றால் என் மகளுக்கு முறைமாப்பிள்ளை. விஜிதா விடுமுறைக்கு வரும் வீட்டில் முறைமாப்பிள்ளையை வைத்துக்கொண்டால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? அண்ணன் மகன் என்று சொன்னால் எனக்கு மகன் முறை, விஜிதாவுக்கு அண்ணன் முறை. எந்த ஆபத்தும் இல்லை. எவ்வளவு தீர்க்கமாக யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

மங்கை பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மங்கை, நம்ம வீட்டுக்கு ஒரு பையன் வரான். வேலைக்கு வசதின்னு மூணு மாசம் தங்குவான்."

"யாருங்க?"

"என் அண்ணன் மகன்."

கத்தி நின்றது. "உங்களுக்கு ஏதுங்க அண்ணன்? நீங்க ஒத்தப் பிள்ளையாச்சே?"

"கூடப் பொறந்த அண்ணன் இல்ல. பெரியப்பா மகன். முருகேசு அண்ணன். கெமாஸ்ல ரயில்வேல இருந்தாரு."

"இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே."

"எங்களுக்குள்ள சண்டை."

"எதுக்கு?"

இதற்கு நான் தயாராகவில்லை. "ஒரு... மாமரம்."

"மாமரமா?"

"வேலியோரமா இருந்துச்சு."

மங்கை என்னைப் பார்த்தாள். நான் பயத்தங்காயைப் பார்த்தேன். "பாவம்" என்றாள். "ஒரு மாமரத்துக்காக அண்ணன் தம்பி பேசாம இருப்பாங்களா? பையன வரச் சொல்லுங்க. அண்ணன் மகன்னா நமக்கும் மகன்தானே. என்னச் சித்தின்னு கூப்பிடட்டும்."

அவ்வளவுதான். குறுக்கு விசாரணை இல்லை. சாட்சி இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்ன ஒரு பொய் முதல் தடவையாக முழுசாக வெளியே வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமைதான் வந்தது.

வழக்கமாகக் குழுவின் கடிதம், அறிக்கை, விதி எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல மங்கைதான் கணினியில் அடித்துக் கொடுப்பாள். என் கையெழுத்தைப் பார்த்தால் கோழிக்கே வெட்கம் வரும். இந்த முறை ரகசியம் அல்லவா? சிவரூபனின் பதிவுப் பாரத்தை நானே கையால் எழுதினேன். வீடு: திருச்செல்வம். உறவு: அண்ணன் மகன். கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரையும் குத்தி அனுப்பினேன்.

"இந்த வருசம் என்னங்க பாரத்தக் கையால எழுதிட்டீங்க?" என்றாள் மங்கை.

"உனக்கு எதுக்குச் சிரமம்?"

"அதுவும் சரிதான்."

சிவரூபன் ஒரு பையோடும் இரண்டு ஜோடி பூட்ஸோடும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வயது இருபத்தேழு. செரம்பானில் ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். அப்பா அம்மா யார் என்று அவனுக்கே தெரியாது. வாசலில் நிற்க வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அப்பா பெயர் முருகேசு. ஊர் கெமாஸ். அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். மாமரம், வேலி, சண்டை. அவன் பரீட்சைக்குப் படிப்பவன் போல் மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"சித்தப்பா, எங்கப்பா எப்படி இருப்பாரு?"

"உயரமா."

"கோபக்காரரா?"

"மாமர விஷயத்துல மட்டும்."

தலையை ஆட்டிக்கொண்டான். இல்லாத அப்பாவைப் பற்றி ஒரு பையன் இத்தனை ஆசையாகக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனசுக்குள் என்னவோ செய்தது. கப்பை நினைத்து அதை அடக்கிக்கொண்டேன்.

அடுத்த ஒரு மாதம் என் வாழ்க்கையின் பொற்காலம். காலை ஷிப்டு முடிந்து ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டி வருவான். திடலில் இறங்கினால் எங்கள் ஆட்களுக்கு முதல் தடவையாகப் பந்து கிடைத்தது. புனிதன் பயிற்சி ஆட்டத்தில் பாதி நேரம் கோல் கம்பத்தில் சாய்ந்து பாட்டுக் கேட்டான். ரவிச்சந்திரன்கூட, "ஒல்லின்னாலும் பரவால்ல" என்று மனம் இளகினார். மங்கையோ அவனுக்கு நாட்டுக்கோழி, ஆட்டுக்கால் சூப், முட்டை என்று கொட்டினாள். எனக்கு வைத்த மீன் தலை அவன் தட்டுக்குப் போனது. நான் வருத்தப்படவில்லை. எதிரி தோட்டத்துப் பெண்ணே எங்கள் ஆட்டக்காரனுக்குத் தீனி போடுகிறாள். இதைவிட ஒரு செயலாளருக்கு என்ன வேண்டும்?

அக்டோபர் முதல் வாரம், சாப்பிட்டு முடித்த நேரம், மங்கை வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஏங்க, சிவரூபன் உங்க அண்ணன் மகன்தானே?"

"ஆமா. ஏன்?"

"அப்ப நமக்கு மகன் முறை."

"ஆமா."

"நம்ம மகனுக்கு எங்கண்ணன் மக என்ன முறை?"

"முறைப்..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. வாயில் இருந்த வெற்றிலை தொண்டைக்கு இறங்கியது.

"முறைப்பொண்ணு" என்று மங்கையே முடித்தாள். "நிலானிக்கு எத்தன எடத்துல பாக்கறோம். கைல வெண்ணெய வச்சிக்கிட்டு ஊரெல்லாம் அலஞ்சிருக்கோமே! அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம பாக்க வராங்க."

நிலானி சுகுமாறனின் மூத்த மகள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பயந்ததற்குக் காரணம் வேறு. ஏழாம் விதி.

ஏழாம் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ரவிச்சந்திரன் ஜம்பு தோட்டத்தின் புலி. அவர் எங்கள் தோட்டத்துப் பெண்ணைக் கட்டியதும், அவரை அப்படியே இந்தப் பக்கம் இழுக்க நான் எழுதிய விதி அது. "ஒரு தோட்டத்துப் பெண்ணை மணந்தவர், எங்கே குடியிருந்தாலும், மாமனார் தோட்டத்துக்கே ஆட வேண்டும். வேறு எந்தத் தோட்டமும் உரிமை கோர முடியாது. போட்டிக்கு முதல் நாள் வரை இது செல்லும்." எழுதிய அன்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் புலிக்கு வயிறு வந்தது.

"இப்ப என்ன அவசரம் மங்கை? பையனுக்கு இருபத்தேழுதான்."

"நிலானிக்கு இருபத்தஞ்சு. பொருத்தம்."

"ஜாதகம்?"

"பாத்துட்டேன்."

"போட்டி முடியட்டுமே."

"எந்தப் போட்டிங்க?" என்றாள், கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு. "பையன் வேலைக்கு வசதின்னுதானே இங்க வந்தான்?"

என்ன சொல்ல? அண்ணன் மகனே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் முத்திரை குத்திய பாரம் பொய். தெராத்தாய் குழுவே போட்டியிலிருந்து வெளியே. அவன் அண்ணன் மகன்தான் என்று சொன்னால் அவன் ஜம்புவுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுகுமாறன் கையில் கப்பு. யோசித்தேன். வெள்ளி வரை யோசித்தேன். சனிக்கிழமை காலை ஒரு வழி பிறந்தது.

அண்ணனைக் கொன்றுவிட்டேன்.

"மங்கை, போன் வந்துச்சு. கெமாஸ்ல முருகேசு அண்ணன் தவறிட்டாரு" என்றேன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. "வீட்டுல துக்கம். இனி ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் ஒண்ணும் பேசக் கூடாது."

மங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ! எப்பங்க எடுக்கறாங்க?"

"எடுத்துட்டாங்க. நேத்தே. சண்டையில்லையா, லேட்டாத்தான் சொன்னாங்க."

"பாவம் அந்தப் பையன்! அவன் எங்க?"

அவன் முன் அறையில் பூட்ஸுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தான். போய்க் காதில் சொன்னேன். அப்பா செத்துப்போன சேதி கேட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இவ்வளவு சீக்கிரமா சித்தப்பா?" என்றான். நிஜமாகவே அவன் முகம் வாடியிருந்தது. ஒரு மாதம்தான் அப்பா இருந்தார் அவனுக்கு.

மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் துடைத்த கண்ணில் ஈரம் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

"பங்காளித் தீட்டு. பதினாறு நாள். வீட்டுல மீன் இல்ல, கறி இல்ல. டி.வி.யும் போடக் கூடாது."

"டி.வி.யா? அதுல பந்து மட்டும்..."

"துக்க வீட்டுல பந்தா? நாலு பேர் என்ன சொல்வாங்க? தீபாவளியும் நமக்கு இல்ல. உங்கண்ணன் படம் ஒண்ணு கொடுங்க, மாலை போடணும்."

ஆபீஸ் சுவரில் பழைய குழுப் படம் ஒன்று இருந்தது. மூன்றாம் வரிசையில் பெயர் தெரியாத ஓர் உயரமான மனிதர் நின்றார். அவரைத் தனியாகப் பெரிதாக்கிக் கொண்டுவந்தேன். மங்கை சட்டம் போட்டு, பொட்டு வைத்து, கூடத்தில் மாட்டினாள். பதினாறு நாள் அவர் முன்னால் உட்கார்ந்து வெண்டைக்காய் சாம்பார் சாப்பிட்டேன். ஒரே ஆறுதல், அந்தத் தீபாவளிக்குக் கப்பிலிருந்து முறுக்கு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பதினேழாம் நாள் நிம்மதியாக மூச்சு விட்டேன். மங்கை நாட்காட்டியோடு வந்தாள்.

"ஏங்க, அப்பா தவறுனா வருசத்துக்குள்ள மகன் கல்யாணத்த முடிச்சிடணும்னு எங்க பக்கம் சொல்வாங்க. இல்லன்னா மூணு வருசம் தள்ளிப் போயிடுமாம். கார்த்திகையில நல்ல முகூர்த்தம் இருக்கு."

"கார்த்திகையா! போட்டி டிசம்பர் ரெண்டாவது ஞாயித்துக்கிழமதானே..."

"எந்தப் போட்டிங்க?"

படத்தில் முருகேசு அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. ஜம்புவிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள். நான் ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தேன். போட்டு உடைத்துவிடுவது. அண்ணனும் இல்லை, மாமரமும் இல்லை. குழு வெளியே போனாலும் போகட்டும், ஜம்புவுக்கு மட்டும் பையன் போகக் கூடாது.

சுகுமாறன் தொண்டையைக் கனைத்தார். "எங்க சொந்தத்துல சில பேர் கேக்கறாங்க மாப்ளே. பையனுக்கு அப்பா இல்ல, அம்மா இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா வந்து நிக்க யாரு இருக்கான்னு. நீங்க சொல்லுங்க. இவரு உங்க வீட்டுப் பிள்ளதானே?"

வாயைத் திறந்தேன். சிவரூபன் எதிரே வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. மூன்று பேருக்கு நடுவே பந்தோடு நுழையும்போது ஆடாத கால்கள். அவன் என்னையே பார்த்தான். அவன் பார்வையில் பந்தும் இல்லை, கப்பும் இல்லை. வாழ்நாளில் ஒருத்தராவது ஆமாம் என்று சொல்ல மாட்டாரா என்று மட்டும் இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் கப்பு எந்தத் தோட்டத்தில் இருந்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

"என் பிள்ளதான்" என்றேன்.

தட்டு மாற்றினார்கள். சிவரூபன் எழுந்து வந்து என் காலில் விழுந்தான். கப்பைப் பற்றிய நினைவு ஐந்து நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தது. வந்ததும் பலமாக வலித்தது.

திருமணப் பதிவிலாகாவில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. பையனின் ஐ.சி. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் மேசை மேல் கிடந்தன. எதிலும் முருகேசு இல்லை. சுகுமாறன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், வைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கார்த்திகையில் கோயிலில் தாலியும் ஏறியது. மறுநாளே ஜம்பு தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. "தங்களால் எழுதப்பட்ட ஏழாம் விதியின்படி..." என்று தொடங்கியது.

போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. இறுதி ஆட்டம், ஜம்புவும் நாங்களும். பத்தாம் நம்பர் ரவிச்சந்திரன் சிவரூபனைக் கவனிக்க நியமிக்கப்பட்டார். கவனித்தார். ஐந்தடி தள்ளி நின்று, தொண்ணூறு நிமிடமும் கவனித்தார். மூன்று கோல். மூன்றும் சிவரூபன் கொடுத்த பாஸ். அவன் மரியாதை தெரிந்த பையன். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு ஓட்டத்தை நிறுத்தி, எங்கள் பக்கம் திரும்பி, "சாரி சித்தப்பா!" என்று கத்தினான். திடல் முழுக்கக் கேட்டது. மூன்றாவது தடவை ஜம்பு கூட்டம் மொத்தமும் சேர்ந்து, "சாரி சித்தப்பா!" என்றது.

மறு ஞாயிறு பஞ்சாலை கடையில் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். ஏழு பேரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். என் ஓட்டும் அதில் சேர்த்தி. ரவிச்சந்திரன் புதிய செயலாளர். தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த என் முன் பஞ்சாலை நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் டீயை வைத்தாள்.

"விடுங்க கிராணி. நல்ல காரியம்தானே நடந்துச்சு. உங்க வீட்டம்மா ஒரு வருசமா அந்தப் பிள்ளைக்காகத் தவிச்சாங்க."

"எந்தப் பிள்ளைக்காக?"

"நிலானிக்குத்தான்லா. ஒரே ஃபேக்டரில ரெண்டும் பழகிடுச்சுங்க. கேக்க நாதியில்லாத பையன்னு சொந்தக்காரங்க ஒத்துக்கல. சிவரூபன் பேர இங்க பேச்சு வாக்குல போட்டு வைன்னு அம்மாதான் சொன்னாங்க. முன் ரூம் விஷயத்தையும்." அவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு நடந்தேனா, ஓடினேனா, தெரியாது. மங்கை பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன் வேலையா? சிவரூபன் பேரு, முன் ரூம், எல்லாம்?"

"ஆமாங்க."

"உங்கண்ணனுக்கும் தெரியுமா?"

"அண்ணனுக்கு மாப்பிள்ளையும் வேணும், மிட்ஃபீல்டரும் வேணும். சொந்தக்காரங்க வாய மூடத்தான் ஒரு சித்தப்பா தேவப்பட்டுச்சு."

"ஏழாம் விதி உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க சொல்ல, அடிச்சது யாருங்க?"

ஒன்றே ஒன்று எனக்கு விளங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டேன். "சரி. நான் அவன அக்கா மகன்னு சொல்லியிருந்தா? அப்ப நிலானிக்கு அவன் அண்ணன் முறையாயிருப்பான். உன் திட்டம் மொத்தமும் கவுந்திருக்கும்!"

மங்கை கத்தியை வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னாள். "சொல்ல மாட்டீங்க. வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு. நீங்க நல்லா யோசிச்சுத்தானே எதையும் செய்வீங்க."

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில், காலில் விழுந்த பையனின் முகமும் வந்தது. கோபம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் போய்விட்டது.

ரவிச்சந்திரனுக்குக் கடிதம் எழுத வராது. அவர் என்னிடம் சொல்கிறார், நான் மங்கையிடம் சொல்கிறேன், அவள் அடித்துக் கொடுக்கிறாள். நிர்வாகத்தில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு ஜம்புவிலிருந்து சீர் வந்தது. மாப்பிள்ளை வீடு நாங்கள்தானே. சிவரூபனும் நிலானியும் தட்டுகளை இறக்கினார்கள். கரும்பு, மஞ்சள், பழம், வேட்டி, கடைசியாக இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அந்தக் கப்பு. அது நிறைய முறுக்கு.

"சம்பந்தி வீட்டுல ஒரு மாசம் இருக்கட்டும்னு அண்ணன் கொடுத்து விட்டாரு" என்றாள் மங்கை. "உங்க சபதப்படி கப்பு வீட்டுக்கு வந்துடுச்சு. இனிமே தாராளமாச் சாப்பிடுங்க."

ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத்தான் இருந்தது.

மங்கை கூடத்தில் முருகேசு அண்ணன் படத்துக்குப் புது மாலை போட்டு, தள்ளி நின்று பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

"ஏங்க, உங்க கெமாஸ் அண்ணனுக்கு இன்னொரு மகன் இருக்கானா? ஜம்புவுக்கு அடுத்த வருசம் ஒரு கோலி வேணுமாம்."